பூட்டும் சாவியும்

நம் ஒவ்வொருவருடைய வாயிலும் ஒரு ரஸாயன சாலை நடந்து கொண்டிருக்கிறது என்று சொன்னால், "வாயில் இருப்பது பல்லும் நாக்குந்தானே, ஐயா!" என்று சிலர் சிரிக்கக் கூடும். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு பிடி வெறுஞ்சோறு போதும். குழம்பு, ரஸம், மோர் எதுவும் சேர்க்காமல் ஒரு கவளத்தை வாயிலிட்டு, அவசரப்பட்டு விழுங்கிவிடாமல், நிதானமாக மென்றுகொண்டேயிருங்கள். முதலில் சப்பென்றிருக்கும் சோறு சற்று நேரத்துக்கெல்லாம் இலேசாகத் தித்திக்கத் தொடங்கும். சர்க்கரை எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவில்லை. சோற்றுக்குள்ளேயே அது ஒளிந்திருந்தது.

அரிசியிலுள்ள மாவுப் பொருளுக்கு 'ஸ்டார்ச்' என்று பெயர். அது குளூகோஸ் என்னும் சர்க்கரையின் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட சங்கிலி. சங்கிலியாக இருக்கும் வரையில் நாக்குக்கு அதன் இனிப்புத் தெரியாது. சங்கிலி அறுந்து துண்டு துண்டானால்தான் தெரியும். இந்தக் காரியத்தை ரஸாயன சாலையில் செய்யவேண்டுமானால் ஸ்டார்ச்சை அமிலத்துடன் சேர்த்து வெகு நேரம் கொதிக்க வைக்க வேண்டும். நம்முடைய எச்சிலோ அடுப்பும் இல்லாமல் அமிலமும் இல்லாமல், உடம்பின் இயற்கைச் சூட்டிலேயே, சில நிமிஷங்களில் செய்து விடுகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஆறிய கஞ்சித் தெளிவை மூன்று கண்ணாடித் தம்ளர்களில் சிறிது சிறிதாக வார்க்கச் சொல்லுங்கள். முதல் தம்ளரில் ஒன்றும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் கொஞ்சம் எச்சில் சேர்க்க வேண்டும். மூன்றாவதிலும் எச்சில்தான், ஆனால் அதை முன்னதாக நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிச் சேர்க்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் முதலாவதும் மூன்றாவதும் கருநீலமாகும். அது ஸ்டார்ச்சின் அடையாளம். இரண்டாவதில் அந்த நீலம் மங்கியிருக்கும், அல்லது அடியோடு இராது. மாவு அங்கே மாவாக இல்லை. (சோதனை முடிந்ததும் தம்ளர்களைக் கழுவி வைப்பது பிள்ளைகளின் பொறுப்பு, அம்மாவுடையது அல்ல.)

எச்சிலில் இருந்து கொண்டு இந்த வேலையைச் செய்யும் வஸ்துவுக்கு அமிலேஸ் என்று பெயர். முளை கட்டிய கேழ்வரகிலும் இதன் உறவினன் இருக்கிறான். முளைக்கும் தானியம் தன் மாவைச் சர்க்கரையாக்கிக் குருத்துக்கு ஊட்ட வேண்டுமல்லவா? முளைக் கேழ்வரகுக் கஞ்சி சாதாரணக் கஞ்சியைவிட நீர்த்தும் இனித்தும் இருப்பதன் காரணம் அதுதான். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதைக் கொடுக்கும் பாட்டிமார்கள் அமிலேஸ் என்ற பெயரைக் கேட்டதில்லை. அதனால் கஞ்சிக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

1833-ம் ஆண்டில் பாயன், பெர்ஸோ என்னும் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் முளை கட்டிய பார்லியிலிருந்து இத்தகைய வஸ்துவைப் பிரித்து எடுத்தார்கள். பிற்பாடு இந்த இனம் முழுவதற்கும் 'என்ஸைம்' என்ற பொதுப் பெயர் ஏற்பட்டது. 'ஈஸ்டுக்குள் இருப்பது' என்று அதற்குக் கிரேக்க மொழியில் பொருள். தமிழில் இப்போது நொதி என்று வழங்குகிறோம். ரொட்டி மாவைப் பொங்கச் செய்கிறதே ஈஸ்ட், அதுவும் நொதிகளின் வேலைதான்.

இங்கேதான் ஒரு பெரிய சண்டை கிளம்பியது. சர்க்கரையைச் சாராயமாக மாற்றும் சக்தி உயிருள்ள ஈஸ்டுக்கு மட்டுமே உண்டு, உயிரின்றி அது நடவாது என்று பாஸ்டர் கூறினார். "இல்லை, அது வெறும் ரஸாயனம்" என்ற கட்சிக்கு ஜெர்மனியின் லீபிக் தலைவர். இருவரும் காலமான பிறகு, 1897-ம் ஆண்டில், எட்வர்டு பூக்னர் என்பவர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றுகூட இல்லாத சாற்றை எடுத்தார். சாறு கெடாமல் இருக்க அதில் சர்க்கரையைச் சேர்த்து வைத்தார். பழம் கெடாமல் இருக்க நாம் ஜாம் செய்வதில்லையா, அந்த யோசனைதான். சாறு குமிழியிட்டுப் பொங்க ஆரம்பித்து விட்டது! செத்த சாறு உயிருள்ள ஈஸ்டின் வேலையைச் செய்தது. 1907-ல் பூக்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நொதி என்று ஒரு வஸ்து இருக்கிறது. ஆனால் அது எதனால் ஆனது? உயிருள்ள பொருள்களில் காணப்படும் பெரிய மூலக்கூறுகளைச் சர்க்கரை இனம், கொழுப்பு இனம், புரோட்டீன், நியூக்ளிக் அமிலம் என்று நான்கு குலங்களாக வகுப்பது வழக்கம். நொதி இவற்றில் எந்தக் குலத்தைச் சேர்ந்தது? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர், ரஸாயனத்துக்கே தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட இருந்த ஒரு மனிதர்.

ஜேம்ஸ் ஸம்னர் அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் மாகாணத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் பறவை வேட்டைக்குப் போன இடத்தில், கூட வந்தவருடைய துப்பாக்கி தவறுதலாக வெடித்து அவருடைய இடது கையில் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை எடுத்து விட்டார்கள். ஸம்னரோ இடது கைப் பழக்கமுள்ளவர். எழுதுவதிலிருந்து உண்பது வரையில் எல்லாவற்றையும் வலது கைக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதாயிற்று. கற்பித்தார், டென்னிஸ் ஆட்டத்தில் கூடப் பெயர் வாங்கினார். பிறகு ஹார்வர்டு சர்வகலாசாலைக்குப் போய், ஜீவ ரஸாயனத்தில் மகா நிபுணரான ஆட்டோ ஃபோலினிடம் மாணவராகச் சேர விரும்பினார். "ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு ரஸாயனம் பண்ண முடியாது, சட்டம் படிக்கப் போகலாமே" என்ற கருத்தில் ஃபோலின் புத்தி சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. குடுவைகளும் திராவகங்களும் நிறைந்த இடத்தில் இரண்டு கைகளுமே சில சமயம் போதாமல் போகின்றன. ஆனால் ஸம்னர் நகரவில்லை. 1914-ல் அதே ஃபோலினிடம் டாக்டர் பட்டம் பெற்று, கார்னெல் சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்தார்.

அங்கே போதனை வேலையே பொழுதெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆராய்ச்சிக்குப் பணமும் கருவிகளும் சொற்பம். கிடைத்த சிறிது நேரத்தில் பல சில்லறை ஆராய்ச்சிகளில் கை வைப்பதைவிட, யாரும் செய்யாத ஒரு பெரிய காரியத்தைத் துணிந்து பார்ப்பது என்று அவர் முடிவு செய்தார். 1917-ம் ஆண்டில் தொடங்கினார். ஒரு நொதியைச் சுத்தமாகத் தனியே பிரித்து எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்!

அவர் தேர்ந்தெடுத்தது யூரியேஸ் என்னும் நொதி. யூரியா என்பது நம் சிறுநீரில் வெளியேறும் பொருள்; வயலுக்கு உரமாக இடுவதும் அதுவே. யூரியேஸ் அதைத் தண்ணீருடன் சேர்த்து உடைத்து, அம்மோனியாவும் கரியமில வாயுவும் ஆக்கிவிடுகிறது. கழுவாத மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் காரமான நாற்றம் கிருமிகளின் யூரியேஸ் செய்யும் வேலையே. இந்த நொதி ஏராளமாக உள்ள இடம் ஜாக் பீன் என்னும் ஒரு வகை மொச்சையின் விதை. நம் நாட்டுக் கொல்லைகளில் வேலியோரம் படர்ந்து, கத்தி போல நீண்ட காய்களைத் தொங்கவிடும் தம்பட்டங்காய்க்கு அது நெருங்கிய பங்காளி.

ஒன்பது வருஷங்கள் அந்த மொச்சையோடு போராட்டம். அரைத்து மாவாக்குவது, ஒரு திரவத்தில் ஊற வைப்பது, வடிகட்டுவது, படிவது எது மிஞ்சுவது எது என்று பார்ப்பது, மறுபடியும் அரைப்பது. ஆராய்ச்சி அறையில் பனிப்பெட்டி கூட இல்லாத காலம் ஒன்று உண்டு. அப்போது சாற்றுக் குப்பிகளை ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் வைத்துவிட்டு, இரவு நல்ல குளிராக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார்களாம். 1921-ல் நொதிகளைப் பற்றிப் பல நூல்கள் எழுதிய பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி ஒருவரிடம் சென்று உழைக்க அவர் உபகாரச் சம்பளம் பெற்றார். நொதியைப் பிரிப்பதாவது, இதென்ன பைத்தியக்கார யோசனை என்று அந்த விஞ்ஞானி எண்ணியதால் பிரயாணம் நின்று போயிற்று.

1926-ம் ஆண்டில் ஒரு நாள், மொச்சை மாவை நீர் கலந்த அஸிடோனில் கரைத்து வடிகட்டி இரவு முழுதும் குளிரில் வைத்தார். மறுநாள் அதில் ஒரு துளியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, சின்னஞ்சிறு படிகங்கள் மின்னின! அவற்றைத் தனியே பிரித்துத் தண்ணீரில் கரைத்து யூரியாவைச் சேர்த்தார். அதுவரை கண்டறியாத வேகத்தில் அம்மோனியா பிறந்தது. படிகங்களைச் சோதித்தபோது அவை புரோட்டீன் என்று தெரிந்தது. நாம் சாப்பிடும் பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் உள்ள அதே குலம்.

உலகம் மாலையோடு ஓடி வரவில்லை. பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்து 1915-ல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய மேதை வில்ஸ்டேட்டர் வேறுவிதமாகக் கூறி வந்தார். புரோட்டீன் வெறும் சுமைகூலி, உண்மையான நொதி அதன் முதுகில் சவாரி செய்யும் ஏதோ ஒரு சின்னப் பொருள் என்பது அவருடைய சித்தாந்தம். தாம் சுத்தம் செய்த நொதியில் புரோட்டீன் அறவே இல்லை என்றும் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நொதி அணுவளவு இருந்தாலும் அதன் வேலை தெரியும். புரோட்டீனைக் கண்டுபிடிக்கும் அக்காலச் சோதனைகளுக்கோ அணுவளவு போதாது. தராசில் நிற்காத கடுகை 'இல்லை' என்று சொல்வது போல ஆயிற்று. இருந்தாலும் வில்ஸ்டேட்டர் எங்கே, கார்னெலில் ஒற்றைக் கையால் மொச்சை அரைத்த ஆசிரியர் எங்கே? பல ஆண்டுகள் பலரும் பெரியவர் பக்கமே நின்றார்கள். 1930-ல் நார்த்ராப் என்னும் அமெரிக்கர் வயிற்றில் சுரக்கும் பெப்ஸினையும் படிகமாக்கி அதுவும் புரோட்டீனே என்று நாட்டிய பிறகுதான் காற்று திரும்பியது. 1946-ல் நோபல் பரிசின் ஒரு பாதி ஸம்னருக்கும், மறு பாதி நார்த்ராப், ஸ்டான்லி இருவருக்கும் கிடைத்தன.

ஆயினும் இயற்கை எந்தச் சித்தாந்திக்கும் முழு வெற்றியைக் கொடுத்துவிடுவதில்லை. 1975-ல் ஆஸ்திரேலியாவில் சிலர் ஸம்னருடைய யூரியேஸை மறுபடி ஆராய்ந்தபோது அதற்குள்ளே நிக்கல் உலோகம் இருப்பதைக் கண்டார்கள். அந்த மொச்சை நொதி, ஒவ்வொன்றிலும் 840 அமினோ அமிலங்கள் கோத்த ஆறு சங்கிலிகளால் ஆனது. சங்கிலி ஒன்றுக்கு இரண்டு நிக்கல் அணுக்கள். அந்த நிக்கல் இல்லாவிட்டால் வேலை நடவாது. புரோட்டீன் மேல் ஒரு சின்னப் பொருள் சவாரி செய்கிறது என்ற வில்ஸ்டேட்டரின் பேச்சில் ஒரு மாகாணி உண்மை இருந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். மேலும் 1980-களில், புரோட்டீன் அல்லாத சில நியூக்ளிக் அமிலங்களும் நொதி போல் வேலை செய்வதை ஸெக், ஆல்ட்மன் என்ற இருவர் காட்டி 1989-ல் பரிசு பெற்றார்கள்.

நொதி என்னதான் செய்கிறது? யூரியாவைத் தண்ணீரில் கரைத்துச் சும்மா வைத்தால் அதில் பாதி சிதைவதற்குச் சுமார் 40 வருஷங்கள் ஆகும். யூரியேஸ் கலந்தாலோ ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான யூரியா மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளுகிறது. தள்ளிவிட்டுத் தான் மட்டும் செலவாகாமல் அப்படியே நிற்கிறது. கலியாணத்தை முடித்து வைத்துவிட்டு அடுத்த வீட்டு ஜாதகத்தைத் தேடிப் புறப்படும் தரகரைப் போன்றது அது. மாப்பிள்ளை, பெண் இருவரும் குடித்தனம் போவார்கள், தரகர் போவதில்லை.

தரகரிடம் இல்லாத ஒரு குணமும் நொதிக்கு உண்டு. கண்ட இடத்தில் கை வைக்காது. ஸ்டார்ச்சை அறுக்கும் நொதி புரோட்டீனைத் தொடாது. புரோட்டீனை அறுக்கும் பெப்ஸின் ஸ்டார்ச்சை ஏறிட்டும் பாராது. எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மானியர் 1894-ல் இதற்கு அழகான உவமை ஒன்று சொன்னார். நொதி ஒரு பூட்டு; அதற்குரிய பொருள் சாவி. வடிவம் பொருந்தினால்தான் திறக்கும். புரோட்டீன் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரடு. அந்தச் சரடு மடிந்தும் சுருண்டும் ஒரு குறிப்பிட்ட உருவம் எடுக்கும்போது, அதன் ஒரு பக்கத்தில் பள்ளம் ஒன்று அமைகிறது. அதுவே பூட்டின் துவாரம். புரோட்டீன் சரடு எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதற்கு 1963-ல் வரைபடம் வகுத்துக் கொடுத்தவர், சென்னை சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஜி. என். ராமச்சந்திரன். உலகெங்கும் அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மடிப்புக் குலைந்தால் பூட்டுக் கெட்டுவிடும். கொதிக்க வைத்த எச்சில் வேலை செய்யாததன் ரகசியம் அதுவே. முட்டையின் வெள்ளை வெந்து கட்டியாவதும் அப்படித்தான். அமிலத்தின் அளவு மாறினாலும் பூட்டு முரண்டு பிடிக்கும். வாழைத்தண்டை நறுக்கியதும் நம் வீட்டுப் பெண்கள் மோர் கலந்த தண்ணீரில் போடுகிறார்களல்லவா? நறுக்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் ஒரு நொதி விழித்துக்கொண்டு தண்டைக் கறுக்க அடிக்கிறது. மோரின் புளிப்பு அதன் கையைக் கட்டிப் போடுகிறது. தண்ணீர் காற்றை மறைக்கிறது. கறி வெள்ளையாக இலைக்கு வருகிறது.

பூட்டுக்குப் பொருந்தும் சாவி உண்டென்றால், பொருந்துவது போலப் பாசாங்கு செய்து உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் கள்ளச் சாவியும் உண்டல்லவா? அந்தக் கதைக்கு மறுபடியும் ஃபோலினுடைய ஹார்வர்டுக்கே போகவேண்டும். ஸம்னர் வெளியேறி ஒன்பது வருஷங்கள் கழித்து, 1923-ல், எல்லப்ரகட சுப்பாராவ் அந்த ஊரை அடைந்தார்.

கோதாவரிக் கரைப் பக்கத்துத் தெலுங்கர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மகாத்மாவின் அழைப்பைக் கேட்டுக் கதர் அணிந்து கொண்டு கல்லூரிக்குப் போனார். ரணசிகிச்சைப் பேராசிரியராயிருந்த ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சைகளில் எவ்வளவு நன்றாக எழுதியும் எம். பி., பி. எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் குறைந்த எல். எம். எஸ். பட்டமே கையில் கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் உடற்கூறு கற்பித்தார். அவருடைய தமையனார் 'ஸ்ப்ரூ' என்னும் வயிற்று நோய்க்குப் பலியானவர். அந்த நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற தாபம் சுப்பாராவை விடவில்லை. அமெரிக்காவில் அவருடைய பட்டத்துக்கு மதிப்பில்லாததால் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு நேர எடுபிடி வேலை செய்து பிழைத்தார். பகலில் படித்தார்.

ஃபோலினுடைய பகுதியில் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் தசையிலும் உள்ள பாஸ்பரஸை அளப்பதற்கு 1925-ல் ஒரு முறையை வெளியிட்டார். அந்த அளவுகோலே புதையலுக்கு வழி காட்டியது. 1927-ல் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளும், 1929-ல் ஏ. டி. பி. என்னும் பொருளும் அவர்கள் கையில் சிக்கின. அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக ஏ. டி. பி.யைக் கண்டார். இன்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் அதை உயிரணுவின் நாணயம் என்கின்றன. உண்ட உணவின் சக்தியெல்லாம் அந்த நாணயமாக மாறித்தான் செலவாகிறது. கையிருப்பு எப்போதும் சொற்பம். ஆனால் ஒரு நாளில் நம் உடலின் எடைக்கு ஏறத்தாழச் சமமான ஏ. டி. பி. உண்டாகி அழிந்து மீண்டும் உண்டாகிறது. தசையை இயக்குவது லாக்டிக் அமிலம் என்று கூறி 1922-ம் வருஷத்துப் பரிசைப் பெற்ற ஹில், மேயர்ஹாஃப் இருவரின் சித்தாந்தம் இந்தக் கண்டுபிடிப்புகளால் ஆட்டங்கண்டது. இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-ல் லெடர்லே என்னும் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சி சாலைக்குச் சென்றார்.

அங்கே அவர் தலைமையில் உழைத்தவர்கள் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தார்கள். (காதுக்குப் 'போலி' என்று ஒலித்தாலும், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1941-ல் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து சொட்டளவு எடுத்ததால் இப்பெயர்.) இரத்தம் ஊறுவதற்கும் புதிய உயிரணுக்கள் பிறப்பதற்கும் இது அத்தியாவசியம். தமையனைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கும் இதுவே மருந்தாயிற்று.

பாஸ்டனில் குழந்தைகளின் நோய்களை ஆராய்ந்த டாக்டர் ஸிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் இனப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகமாக வளர்வது போலத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக்கைத் தடுக்கும் பொருள் நோயைத் தடுக்குமா? சுப்பாராவின் ஆராய்ச்சி சாலை அத்தகைய பொருள்களைச் செய்து அனுப்பியது. அவற்றுள் ஒன்று அமினாப்டெரின். உருவத்தில் ஃபோலிக்கின் இரட்டைப் பிள்ளை. ஓரிடத்தில் மட்டும் சிறிய மாற்றம். ஃபோலிக்கை வேலைக்குத் தயார் செய்யும் நொதி ஒன்று உண்டு. இந்தக் கள்ளச் சாவி அதன் துவாரத்தில் நுழைந்தால் திறப்பதுமில்லை, வெளியே வருவதுமில்லை. பூட்டு அடைபட்டு, தறிகெட்டுப் பெருகும் அணுக்கள் பட்டினியால் மடிகின்றன. இந்த விவரமெல்லாம் பிற்பாடு தெளிந்தது. 1948 ஜூன் மாதத்தில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில் இருந்தது பதினாறு குழந்தைகளின் கதை. அதுவரையில் அந்த நோய்க்கு எந்த மருந்தும் பயன்பட்டதில்லை. பதினாறு பேரில் பத்துப் பேர் தேறினார்கள். தற்காலிகமாகத்தான், நோய் திரும்பி வந்தது. ஆனாலும் படுக்கையிலிருந்து எழுந்து நடமாடினார்கள்.

இரண்டு மாதங்கள் கழித்து, அந்த ஆகஸ்டில், சுப்பாராவ் 53-வது வயதில் உறக்கத்திலேயே காலமானார்.

அமினாப்டெரினின் தம்பியான மெதோட்ரெக்ஸேட் இன்றும் மருந்துக் கடைகளில் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இப்போது முற்றிலும் பிழைத்து விடுகிறார்கள். விரல் மூட்டுகள் வீங்கி அவதிப்படும் வாத நோயாளிகளுக்கும் மிகச் சிறிய அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கொடுப்பதுண்டு. தவறித் தினந்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், எந்தக் கிழமை என்பதை மருத்துவர் சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுப்பார். வேறொரு கிழமைக்கு ஃபோலிக் அமில மாத்திரையையும் எழுதுவார். கள்ளச் சாவியும் நல்ல சாவியுமாக, ஒரே மனிதரின் ஆராய்ச்சி சாலையிலிருந்து வந்த இரண்டு வழி மருந்துகள் நம் வீட்டுப் பாட்டிமார்களின் மாத்திரை டப்பியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருக்கின்றன.